காசின் விளிம்பு

காட்சிக்கு வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துச் சுவரோரம் நகர்த்தினார்கள். அப்பாவின் உடலைக் கிடத்த அந்த வீட்டில் வேறு இடமில்லை. முன்கூடம் முழுக்க அவர் தொடங்கிய அருங்காட்சியகம். குடும்பம் குடியிருந்ததெல்லாம் பின்னால் இரண்டே அறைகளில். ஊரில் அவருக்குக் காசுக்காரர் என்று பெயர். வீடு நிறையக் காசு, ஒன்றைக் கொடுத்தும் கடையில் உப்பு வாங்க முடியாது என்று அம்மா இருந்தவரை சொல்லிச் சிரிப்பாள். மகளுக்கு இன்று அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

நகர்த்திய பெட்டியில் இருந்தது ஒரே ஒரு செப்புக்காசு. அதை வைத்துத்தான் இந்த ஊர் ஒரு காலத்தில் சிற்றரசு ஒன்றின் தலைநகரம் என்று அப்பா நிறுவினார். புத்தகம் எழுதினார், வாசல் பலகையில் அதன் படத்தைப் போட்டார். அவர் தளர்ந்த பிறகு கூடத்தைக் கட்டிக் காத்தவள் மகள்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்தக் காசைக் காட்டி வாய் வலிக்கக் கதை சொல்பவளும் அவள்தான்.

அந்தக் காசால்தான் தம்பி வீட்டை விட்டுப் போனான். ஒருநாள் பருத்திக் கையுறை போடாமல் அதை எடுத்து விளிம்பைத் தடவிவிட்டான். இந்த வகைக் காசை அந்தக் காலத்தில் சம்மட்டியால் அடித்துத்தான் செய்வார்கள், இதுவோ செம்பை உருக்கி இரண்டு பாதி அச்சுக்குள் ஊற்றியது, இரண்டு பாதியும் சேர்ந்த ஒட்டுக்கோட்டை அரத்தால் ராவியிருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தட்டுப்படுகிறது, யாரோ பண்ணிய போலி என்றான். அப்பாவின் காதில் ஏறியது ஒன்றுதான்: வெறுங்கையால் தொட்டுவிட்டான். வியர்வை பட்டால் செம்பு கெடும் என்பது அவருக்கு வேதவாக்கு. கையுறை போடத் தெரியாதவனுக்கு இந்தக் கூடத்தில் வேலையில்லை என்றார். அவனும் ரோஷக்காரன், திரும்பிப் பார்க்கவில்லை.

போன வருஷம் அப்பாவுக்குப் பார்வை போயிற்று. நேற்று மத்தியானம் படுத்தபடியே அந்தக் காசைக் கேட்டார். கையுறை எடுக்கப் போனவளை வேண்டாம் என்று தடுத்தார். விரலே மரத்துக் கிடக்கிறது, அதன் மேல் துணி எதற்கு என்றார். கட்டைவிரல் விளிம்பைச் சுற்றி வந்தது, நின்றது, மறுபடி சுற்றியது.

"தம்பியக் கூப்பிடும்மா," என்றார். "அவன் கைக்குத் தெரிஞ்சது சரி. நான்தான் காலம் பூரா கையுறையப் போட்டுக்கிட்டே தொட்டேன்."

சரிப்பா என்று போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். கூப்பிடவில்லை. அசந்திருக்கிறார், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மை வேறு. தம்பி வந்தால் வாசல் பலகை இறங்கும். பிள்ளைகளிடம் நாளை எந்த முகத்தோடு பேசுவது. இன்னும் சில வாரம் தாங்குவார் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அப்பா விடிவதற்குள் போய்விட்டார்.

சேதி கேட்டு வந்த தம்பி அப்பாவின் கால்மாட்டில் நின்றான். வரலாற்றுக் கழகத் தலைவர் உருகி உருகிப் பேசினார். அந்த ஒரு காசு போதும், அவர் பேர் நிலைக்கும் என்றார். தம்பி அதை மறுக்காமல் தலையைக் குனிந்துகொண்டான். அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவனைப் பின்னறைக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எப்போ சொன்னார்?"

"நேத்து மத்தியானம்."

"நான் வீட்லதான் இருந்தேன்க்கா. இருட்டுறதுக்குள்ள வந்திருப்பேன்."

"தெரியும்டா. கூடம் போயிடுமேன்னு பயந்துட்டேன்."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அப்பாவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அவர் சொன்னத அப்படியே சொல்லு. நீயா எதையும் சேக்காத."

சொன்னாள். வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. தூக்க மகன் வரவேண்டும் என்று தலைவர் குரல் கொடுத்தார். வரேன் சார் என்றவன் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுக்கா."

அப்பா எங்கெங்கே மூச்சு வாங்கினாரோ அங்கெல்லாம் நிறுத்தி, முதலிலிருந்து சொன்னாள். வெளியே டிரைவர் எஞ்சினை அணைத்தார்.