இன்னிக்கு என்ன வேணும்?

1

இந்தக் கதை ஒரு நர்ஸ் போகிறபோக்கில் சொன்னதிலிருந்து பிறந்தது. இனிக் குணமாக்க வழியில்லை என்று மருத்துவமனை கைவிரித்துவிட்டவர்களைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் அவருக்கு வேலை. "எங்களுக்கு ரொம்பக் கஷ்டமான நாள் எது தெரியுமா?" என்று கேட்டார். யாராவது இறந்துபோகும் நாள் என்றேன். "இல்ல. யாராவது தேறிட்ட மாதிரி தெரியிற நாள்," என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். விளக்கம் கிடைக்காத எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். வேறு உன்னத நோக்கம் ஏதுமில்லை.

2

முதல் தொடக்கம்: அந்த இல்லத்தின் ஜன்னல் வழியே மாலை வெயில் மெல்ல மெல்ல

வேண்டாம். கதையில் மாலை வெயில் வந்தாலே யாரோ சாகப்போகிறார் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: காலையில் பிரேக் சார் முகம் பார்க்கும் கண்ணாடி கேட்டார்.

இது இருக்கட்டும். பிரேக் சார் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அப்படிப்பட்ட கார்களில் வாத்தியார் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து, பஸ்ஸில் போனாலும் அவருடைய வலது கால் தானாக அழுந்தும். மாணவர்கள் சும்மா விடுவார்களா, பெயர் வைத்துவிட்டார்கள்.

இல்லத்துக்கு வந்தபோது அந்தக் காலை அவரால் அசைக்க முடியவில்லை. கேன்சர் எலும்புவரை போயிருந்தது. தொட்டாலும் கத்தினார், தொடாவிட்டாலும் கத்தினார். இல்லத்து டாக்டர் மார்ஃபின்* அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார். வலி இறங்கியது, தூக்கம் வந்தது. இன்று காலை எழுந்து உட்கார்ந்து சவரம் செய்துகொண்டார். ரேசர் மொக்கை என்று மனைவியைத் திட்டினார். திட்டு வாங்கியவளுக்குத் தலைகால் புரியவில்லை. தாழ்வாரத்துக்கு ஓடிப்போய் மகனுக்குப் போன் போட்டாள்.

"அப்பா என்னைத் திட்டுனாருடா," என்றாள். வெகுநாள் கழித்து அவள் குரலில் சந்தோஷம் இருந்தது.

(* மார்ஃபின் என்றதும் "அவ்வளவுதானா" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு: அது ஆளை முடித்துவைக்கத் தரும் மருந்து இல்லை. வலியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற அளவில் தருவது. இல்லத்துக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். நானும் ஒருமுறை சொல்லிவைக்கிறேன்.)

3

மகனை முதலில் வில்லனாக எழுதினேன். கறுப்புக் கண்ணாடி, வாசலில் நின்று போன் பேச்சு, அலட்சியமாக ஒரு

அடித்துவிட்டேன். அவனுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. பாசம்தான் அவனைப் பாடாய்ப் படுத்துகிறது. லிஃப்ட் பழுது பார்ப்பவன் அவன். நின்றுபோனதை ஓடவைப்பது தொழில். ஓடாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவது அவன் கற்காத வித்தை. அம்மாவின் போன் வந்ததும் கிளம்பி வந்து இல்லத்துத் தாழ்வாரத்தில் நின்றான்.

"பாத்தியாம்மா, நான் அப்பவே சொன்னேன்ல. இன்னொரு ரவுண்டு கீமோ தாங்குவாரு. பெரிய ஆஸ்பத்திரியில பேசிட்டேன், இப்பவே கூட்டிட்டுப் போயிடலாம்."

டீ குடித்துவிட்டுப் போனாரே, அந்த நர்ஸையே இந்தக் கதையிலும் வேலைக்கு வைத்திருக்கிறேன். அவர் சொன்னார்: "தம்பி, அப்பாவுக்கு வலிதான் குறைஞ்சிருக்கு. வியாதி குறையல."

"எழுந்து உக்காந்து திட்டுறாரு சிஸ்டர்."

"திட்டட்டும். அதுக்குத்தான் இவ்வளவு பாடு."

"இங்க வைத்தியமே இல்லையே. சும்மாதான வச்சிருக்கீங்க?"

"அவர் சும்மா இருக்கிறதுக்கு நாங்க நாள் பூரா வேலை பாக்குறோம்," என்றார் நர்ஸ், கோபமில்லாமல். "போகக் கூடாதுன்னு யாரையும் சொல்ல மாட்டோம். வீட்டுக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்கும் போகலாம். ஆனா ஐயா சொல்லணும்."

மகன் அம்மாவைப் பார்த்தான். "நீ சொல்லும்மா."

4

இப்போதுதான் இது யார் கதை என்று எனக்கே தெரிகிறது. அவளுடையது.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம். காலையில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதில்லை. "இன்னிக்கு என்ன வேணும்?" என்றுதான் கேட்பார்கள், அதுவும் படுத்திருப்பவரிடம். ஆனால் இந்த அறையில் அவள் முந்திக்கொள்வாள். அவருக்கு ஜன்னலைத் திறக்கணும். அவருக்கு ஒண்ணும் வேணாம், தூங்கட்டும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். டாக்டரிடம் அவருக்காகப் பேசியவள், அவரிடம் டாக்டருக்காகவும் பேசிவிட்டாள். "உடம்பு தேத்திக்கிற இடம்ங்க. கொஞ்ச நாள் இருந்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்." அப்படிச் சொல்லித்தான் அழைத்து வந்தாள்.

அந்தப் பொய் இப்போது குறுக்கே நிற்கிறது. தேற வந்தவர் தேறிவிட்டார், பிறகென்ன? விஷயம் தெரியாத மனிதரிடம் எங்கே போகலாம் என்று கேட்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவதுதான். மகனோடு போனால் மிச்ச நாளெல்லாம் ஊசியும் வாந்தியுமாகக் கரையலாம். உண்மையைச் சொன்னாலோ, ரேசரோடு சண்டை போட்ட மனிதர் மறுபடி சுருண்டு படுத்துவிடலாம். அவளுக்குப் பயமாக இருந்தது.

(எனக்கு இங்கே ஒரு குறுக்குவழி உண்டு. "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று அவரைச் சிரிக்க வைக்கலாம். எழுதியும் பார்த்தேன்: "எத்தன வண்டிய நிறுத்தியிருக்கேன், என் வண்டி எப்ப நிக்கும்னு எனக்கு". நன்றாகத்தான் வந்தது. ஆனால் அது அவளைக் காப்பாற்றப் பக்கத்து சீட்டிலிருந்து நான் மிதிக்கும் பிரேக். அவருக்கு நிஜமாகவே தெரியாது. அவள்தான் சொல்லியாக வேண்டும்.)

5

மகன் காரை வாசலுக்குக் கொண்டுவரப் போனான். அவள் உள்ளே போனாள்.

"பையன் குரல் கேட்டுச்சே," என்றார். "வீட்டுக்கா?"

"வேற ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுறான்."

"எதுக்கு? அதான் தேறிட்டேனே."

"தேறலங்க."

அந்த ஒரு சொல் வந்தபின் மற்றவை தாமாக வந்தன. "வலிதான் போயிருக்கு. வியாதி அப்படியே இருக்கு. இனிமே போகாதாம். நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

போர்வைக்குள் அவருடைய வலது கால் அழுந்தியது. அவள் அதைப் பார்த்தாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒத்துக்க மாட்டேங்குறான்."

"வலி திரும்பி வருமா?"

"வந்தா இங்க உடனே பாப்பாங்க. அங்க எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அவர் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். "இது தெரியாம ரேசர்கூட மல்லுக்கட்டிட்டு இருந்திருக்கேன்," என்றார். அவள் அழுதாள்.

6

முடிவு ஒன்று: மகனோடு போகிறார். அவனுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் கால் அழுந்துகிறது.

முடிவு இரண்டு: இல்லத்திலேயே இருக்கிறார். மகன் அன்றாடம் வந்து புது ரேசரால் அவருக்குச் சவரம் செய்துவிட

முடிவு மூன்று: வீட்டுக்குப் போகிறார். இல்லத்து நர்ஸ் அங்கே வந்து பார்த்துக்கொள்கிறார். (அப்படியும் ஏற்பாடு உண்டு.)

மூன்றுமே எனக்கு எழுத வரும். அதுதான் சிக்கல்.

மகன் கார் சாவியோடு வந்து கதவருகே நின்றான். பின்னாலேயே வந்த நர்ஸ், நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, இன்னிக்கு என்ன வேணும்?"

பழக்கதோஷம், அவள் வாய் திறந்தது. "அவருக்கு" என்பதுவரை வந்தும் விட்டது. மூடிக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்த மகனின் கையையும் எட்டிப் பிடித்தாள்.

நானும் பேனாவை மூடிவைக்கிறேன். இப்படிப்பட்ட கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது வழக்கம். நான் விடப்போவதில்லை. உங்களிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும், ஆனால் அது அவருடைய பதில் இல்லை. கொஞ்சம் பொறுங்கள். அவர் தொண்டையைச் செருமுகிறார்.