பொத்தான் எட்டாத கோட்டு

ஒன்பதாவது நீல இழையை எண்ணியதும் அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறர் ரத்தத்தில் பிளாஸ்டிக் துகள் தேடுவது ஆறு வருடமாக அவள் வேலை. இரண்டு, மூன்று என்று எழுதிவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். இன்று தட்டில் இருந்தது, யாரிடமும் சொல்லாமல் எடுத்த அவளுடைய ரத்தம். எட்டு வருடம் காத்திருந்து, வயிற்றில் இப்போது ஏழு மாதம்.

வீட்டில் சமையலறையின் பிளாஸ்டிக் டப்பாக்கள் அத்தனையையும் கூடத்தில் குவித்தாள். பேருந்து ஓட்டிவிட்டு வந்த கணவன் வாசலிலேயே நின்றான்.

"என்ன, வீட்லயே கடை போட்டுட்டியா?"

சொன்னாள். அவன் சிரிப்பு அடங்கியது.

"குழந்தைய அது என்ன பண்ணும்?"

"யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியாதுங்க. அதான் பயமா இருக்கு."

அவன் உட்கார்ந்து சர்க்கரையைக் கண்ணாடிப் புட்டிக்கு மாற்ற ஆரம்பித்தான். பாதி தரையில் கொட்டியது.

"எறும்புக்கு யோகம்," என்றான்.

மறுநாள் தன் ரத்தத்தையே சோதித்ததைப் பிரிவுத் தலைவியிடம் ஒப்புக்கொண்டாள். எல்லோருக்கும் அவர் அக்காதான். திட்டவில்லை, ஒன்றே ஒன்று கேட்டார்.

"பக்கத்துல வெத்துத் தட்டு வச்சியா?"

காற்றில் வரும் தூசியைப் பிடிக்க வைக்கும் தட்டு. அவசரத்தில் மறந்திருந்தாள். இப்போது வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள். ரத்தமே இல்லாத தட்டில் ஏழு நீல இழைகள்.

அக்கா நுண்ணோக்கியை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். திறந்து கிடந்த வெள்ளைக் கோட்டுக்குள் நீல ஸ்வெட்டர். ஏசி குளிருக்கென்று கணவன் வாங்கித் தந்தது.

"பருத்தியத் தவிர எதையும் போட்டுட்டு உள்ள வராதீங்கன்னு புதுசா வர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறது யாரும்மா?"

"கோட்டு மூடியிருக்கும்னுதான் போட்டேன் அக்கா. ரெண்டு வாரமா பொத்தான் எட்ட மாட்டேங்குது."

"அப்போ குத்தவாளி உள்ள இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. கண்ணில் நீர் வழிய மேசையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஸ்வெட்டர் வெளியே போனது. ஸ்டோரில் இருந்ததிலேயே பெரிய கோட்டு வந்தது. தோள் முழங்கை வரை தொங்கினாலும் பொத்தான்கள் எல்லாம் எட்டின. புதிதாக ரத்தம் எடுத்து, இந்த முறை வெற்றுத் தட்டையும் வைத்து, மூன்றாம் நாள் பார்த்தாள். நீலம் எங்கும் இல்லை. ரத்தத் தட்டில் நிறமற்ற துணுக்குகள் மட்டும் இரண்டு.

இரண்டு என்று எழுதினாள். பேனாவை மூடாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கோட்டின் நான்காவது பொத்தான் உள்ளிருந்து உதை வாங்கி, ஒரு முறை துள்ளி அடங்கியது.