கியர் எதில் கிடந்தது

மையித்து வீட்டுக்கு வந்தால் கையேந்தி ரெண்டு வார்த்தை ஓதுவோம் என்றில்லை, இந்தக் காலத்து ஆட்களுக்கு அங்கேயும் போன்தான் என்று முணுமுணுத்தபடி உசனார் மையித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் வார்த்தார். துணி மறைப்புக்குள் கிடந்தவர் ஆதம்பாவா, தங்கை கைறுன்னிஸாவின் மாப்பிள்ளை. காலையில் கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கார் நின்றிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஓட்டோக்காரன் பேர் கூடச் சொல்லாமல் போய்விட்டான். நெஞ்சுவலியாம்.

உசனார் மச்சானின் உள்ளங்கையை விரித்தார். ரேகைக்குள் கறுப்பு. காரின் பின்பக்கத்தில் கையூன்றித் தள்ளினால் இப்படித்தான் ஒட்டும். ஸ்டியரிங் பிடித்தாலும் ஒட்டும்தான். தேய்த்தார். மறுபடி தேய்த்தார்.

"காணும் மாமா, தோல் உரியப் போகுது" என்றான் மருமகன் றம்ஸீன்.

கபன் துணி சுற்றிவிட்டு வெளியே வந்தபோது ஆதம்பாவாவின் மகள் நஸ்ஹா வாப்பாவின் போனோடு வாசலில் நின்றாள்.

"மாமா, வாப்பா கடசியா உங்களுக்குத்தான் எடுத்திருக்கார். நாலு நிமிசம். என்ன சொன்னார்?"

"கியர் விழுகுதில்லையாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கராஜ் ரதீஸுக்கு எடு எண்டன்."

அவள் திரையைத் தடவிப் பார்த்தாள். "ரதீஸண்ணனுக்கு எடுக்கல்லயே."

உள்ளிருந்து கைறுன்னிஸா கூப்பிட்டாள். நஸ்ஹா அவரைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அவர் சொன்னது அதுவல்ல. கராஜ்காரனிடம் விட்டால் நல்ல சாமானையும் கழற்றிவிடுவான் என்று ஒரு மாதமாக மச்சானைத் தடுத்து, கிளச் ஒயிலைத் தானே ஊற்றி ஊற்றிச் சமாளித்தவர் அவர்தான். காலையில் சொன்னது இதுதான்: "இஞ்சினை நிப்பாட்டு. செக்கண்டில போட்டுச் சாவியத் திருப்பு, இழுத்துக்கொண்டு போகும்." பெற்றியில் சார்ஜ் இல்லை, இழுக்குதில்லை என்றார் ஆதம்பாவா. "அப்ப நியூட்ரலாக்கி இறங்கித் தள்ளன். பொம்புளையா நீ?"

நெஞ்சுக்குள் குழாய் வைத்து ஆறு மாதமான மனிதன்.

வேலியோரம் ஆரையம்பதி ரதீஸ் காரின் பொனற்றைத் திறந்து வைத்திருந்தான். பாலத்தடியிலிருந்து கட்டியிழுத்து வந்தவன் அவன்தான். உசனார் கிட்டப் போனார்.

"இஞ்சின் நிண்டா நாலு கியரும் வெண்ணெய் மாதிரி விழுகுது காக்கா" என்றான் அவன். "வேற பெற்றி போட்டு ஸ்டார்ட் பண்ணினா ஒண்டும் விழாது, கறகறக்குது. கியர்ப்பெட்டியில குத்தமில்ல. கிளச் சிலிண்டர்ர ரப்பர் செத்துப்போச்சு. எவ்வளவு ஒயில் ஊத்தினாலும் வடிஞ்சிரும்."

"நீ போகக்குள்ள கியர் எதில கிடந்த?"

ரதீஸ் பழந்துணியில் கையைத் துடைத்தான். "செக்கண்டில."

"நல்லாப் பாத்தியா?"

"ஓம் காக்கா. அவர் இருந்த சீற்றிலயே போயிருக்கார். இறங்கித் தள்ளல்ல."

"தள்ளினதா எண்டு நான் கேக்கல்லயே."

ரதீஸ் பொனற்றுக்குள் குனிந்தான்.

"செக்கண்டில கிடந்த காரை எப்பிடிக் கட்டியிழுத்த?"

"நியூட்ரலாக்கித்தான்."

"நீ ஆக்கினயா, கிடந்ததா?"

"நான்தான் காக்கா." சொல்லும்போது அவன் பொனற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

கராஜ்காரன் வாயை உசனார் ஒரு நாளும் நம்பியதில்லை. இன்றைக்கு நம்பிவிட்டால் போதும் போலிருந்தது. அந்தக் குனிந்த முதுகையே பார்த்து நின்றார்.

"பொய் சொல்லப் படிச்சவன்தான் நீ" என்று மெல்லச் சொன்னார்.

மையித்தைச் சுமந்த சந்தூக்கு கேற்றைத் தாண்டியது. தோள் கொடுக்க அவருக்கு இடம் விட்டார்கள். அவர் கையசைத்து வேறொருவனை விட்டார். கார்ப்பக்கம் திரும்பாமல் பள்ளி வீதியில் நடந்தார். கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் அவருக்கும் இடையில் ஒரு கார் நிற்குமளவு வெளி இருந்தது. அவர் அதைக் குறைக்கவில்லை.