நிறுத்தத்தில் நின்ற ரொட்டி வேன்

வரியைக் குறைத்தால்தான் தொழில் வளரும் என்று நகராட்சியில் தொண்டை கிழியப் பேசியவன் நான்தான். குறைத்தார்கள். என் ரொட்டிக்கடை வளர்ந்தது, வேன் வாங்கினேன். வரிப்பணம் போதாமல் நகரப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். அதை ஓட்டிய என் மச்சினனையே வேனுக்கு டிரைவராகப் போட்டேன். பேசியது நான் என்பது அவனுக்குத் தெரியாது.

இன்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பழைய பேருந்து நிறுத்தம் வந்ததும் வேனை ஓரங்கட்டி நிறுத்தினான். இல்லாத கதவு விசையைக் கை தேடியது.

"பழக்கதோஷம், மாமா," என்று சிரித்தான். பிறகு பல்லைக் கடித்தான்.

"வரியைக் குறைக்கச் சொன்னவன் எவனோ, அவன் விளங்கவே மாட்டான். நீங்க மட்டும் நல்லா இருக்கணும் மாமா."

"வண்டிய எடுடா!" என்று எரிந்து விழுந்தேன்.