மனிதத் தொந்தரவு இல்லாத இடம்

கடைசிக் குளியலுக்கு அம்மாவின் தலையில் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த மேனகாவைச் செல்லப்பாண்டி மாமா வாசலில் நின்றே கூப்பிட்டார். தோளில் மண்வெட்டி, முகத்தில் ரத்தமே இல்லை.

"குழி வெட்ட விடமாட்டேங்கிறானுக தாயி. ஜீப்புல ஒருத்தன் வந்து நின்னுக்கிட்டுப் பாதி இங்கிலீசுல பேசுறான். நீ காலேசு படிச்சவ, வெரசா வா."

"பொட்டப்புள்ள குழிமேட்டுக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"செத்தவளுக்கு எடம் இல்லைங்கிறான். நீ சாத்திரம் பேசுற!"

மேனகா கைகூடக் கழுவாமல் மலை ஏறினாள்.

மலைக்கிராமமான கவுஞ்சிக்கு மேலே, வாட்டில் காட்டின் நடுவே இருந்தது அந்த மேடு. இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, இந்த வாட்டில் மரங்களையே நட்டு, தோல் பதனிட அதன் பட்டை உரித்து, செத்துப்போன சனங்களைப் புதைத்த இடம். அப்பா இருளப்பனைப் புதைத்த மறு வருசம் அதைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. 'மனிதத் தொந்தரவு இல்லாத இடம்' என்று ஒரு பலகையும் தொங்கியது. ஊரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜீப்பில் வந்த ஆராய்ச்சிக்காரர் தன் பெயர் குமரகுரு என்றார். மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் மேனகாவுக்கு இன்னும் எரிந்தது.

"உங்க துக்கம் புரியுதுங்க. ஆனா இது ரிசர்ச் ப்ளாட். தோண்டுனா அஞ்சு வருச டேட்டா போயிரும்."

"எங்கப்பா உள்ள கெடக்காரு. அவரு பக்கத்துலதான் எங்கம்மாவை வைக்கணும். அவங்க கேட்டது அது ஒண்ணுதான்."

"நாங்க வந்தப்ப இங்க வெறும் கல்லுதாங்க இருந்துச்சு."

"அது தலைமாட்டுக் கல்லுங்க."

"சேட்டிலைட் படத்துல கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட புள்ளிங்க இது. நமக்குத் தோதா நகர்த்துனா ஆய்வே பொய்யாயிரும்."

"எங்கப்பன் நெஞ்சுல விழுந்தாலும் நகர்த்த மாட்டீங்க."

இந்தக் குலுக்கல் முறை, ராண்டம் சாம்பிளிங் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள் மேனகா. யார் பக்கமும் சாயாத முறை என்று எழுதியிருந்தாள். நினைக்கவே வாய் கசந்தது.

"நீங்களே பாருங்க" என்று அவர் வேலிக்குள் கை காட்டினார். "வெளிய பூரா வாட்டில் மண்டிக் கெடக்கு. இதுக்குள்ள மட்டும் பழைய புல்லு தானா திரும்பி வருது. மனுசங்க கை படலைன்னா காடு தன்னையே சரிபண்ணிக்கும்னு காட்ட எங்களுக்கு இருக்கிறது இந்த ப்ளாட்தாங்க."

மேனகா பார்த்தாள். ஒரு வாட்டில் கன்றுகூட இல்லை. புல் இடுப்பளவு நின்று காற்றில் சாய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமையானால் விறகுக்கு என்று கிளம்பி, விறகில்லாமல், முழங்கையில் கம்பிக் கீறலோடு திரும்பி வருவாள் அம்மா. அங்க என்ன சோலி என்று மேனகா கத்துவாள். "உங்கப்பா மேல வாட்டில் மொளைக்குதுடி. உசுரோட இருக்கயில அந்த மரத்துக்கிட்டயே சீரழிஞ்ச மனுசன். செத்தும் அதையே சொமக்கணுமா? மத்ததுகளும் பக்கத்துலதான கெடக்கு, அதுக மேல உள்ளதையும் புடுங்கிட்டு வந்தேன்."

மேனகாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை.

"தானாவா வந்துச்சு? எங்கம்மா புடுங்குனாங்க சார். வேலிக்கடியில பூந்து, வாராவாரம். அவங்களுக்குத்தான் இப்ப குழி கேக்குறோம்."

குமரகுருவின் முகம் வெளுத்தது. "எல்லா வாரமுமா?"

"காய்ச்சல்ல படுக்குற வரைக்கும்."

அவர் குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார், குறைந்தது அம்மாவின் பெயரையாவது கேட்பார் என்று மேனகா நின்றாள். அவர் நிமிர்ந்து பெருமூச்சு விட்டார்.

"அப்ப இந்த ப்ளாட் ஆகாதுங்க. கெட்டுப்போச்சு. நீங்க தோண்டிக்கங்க."

"விட்டுட்டான் தாயி!" மாமா மண்வெட்டியைத் தூக்கினார். "அப்படி என்ன சொன்ன நீ?"

"நான் சொல்லி விடல மாமா. எங்கம்மா கைபட்டு எடம் கெட்டுப்போச்சாம். அதனால வேண்டாமாம்."

ஜீப்பில் ஏறப்போனவரை அவள் மறித்தாள். "அவங்க பேரு மூக்கம்மா. எழுதிக்கங்க."

"ஆய்வுல யார் பேரையும் போடுறதில்லைங்க" என்றார் அவர், அதே மரியாதையோடு. "உங்க பாதுகாப்புக்குத்தான்."

ஜீப் போனது. மாமாவும் மற்றவர்களும் வேலிக் கால் இரண்டைப் பிடுங்கிப் போட்டார்கள், பாடை நுழைய வேண்டுமே. குழி முழங்கால் ஆழம் வந்தபோது எதிர்ச் சரிவிலிருந்து சத்தம் கேட்டது. டொக், டொக். மஞ்சில் பாதி மறைந்து இரண்டு பேர் குனிந்து அடுத்த ப்ளாட்டுக்கு முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சரிவுல யாரையாச்சும் பொதைச்சிருக்கா மாமா?"

மாமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தார். "அங்கயும் கல்லு கெடக்கு தாயி" என்றார். பிறகு குனிந்து வெட்டத் தொடங்கினார்.