பன்னிரண்டாவது ஒற்று

அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவரை எல்லோரும் ‘ஒற்று’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது ஆண்டுகளில் ஒரு ‘க்’, ஒரு ‘த்’ அவர் கண்ணுக்குத் தப்பி அச்சேறியதில்லை. மனைவி எழுதும் மளிகைச் சீட்டைக்கூடத் திருத்திவிட்டுத்தான் கடைக்குப் போவார்.

அச்சக முதலாளியை யாரோ குத்திக் கொன்றுவிட்டார்கள். அன்று கதவைப் பூட்டியவர் ஒற்று. இன்ஸ்பெக்டருக்கு அது போதும். மூன்று நாள் விசாரித்தார். ஒற்றின் வலது கையில் மூன்று விரல்கள் ஒடிந்தபின், வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டரே எழுதி நீட்டினார்.

“கையெழுத்துப் போடுய்யா, வீட்டுக்குப் போலாம்.”

யார் வீட்டுக்கு என்று சொல்லவில்லை.

ஒற்று படித்தார். ‘முதலாளியை கத்தியால் குத்தி கொன்றேன்’ என்றிருந்தது. விரல் வலியைப் பொறுத்தவருக்கு இது பொறுக்கவில்லை. இடது கையால் பேனாவைப் பிடித்து, பதினோர் இடத்தில் ஒற்றைச் செருகிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று வக்கீல் வாதாடினார். கோணிப்போன விரல்களைத் தூக்கிக் காட்டினார். நீதிபதி மொழிப்பற்று மிக்கவர். விரல்களை விட்டுவிட்டு ஒற்றுகளைப் பார்த்தார். அடிபட்டவனுக்குச் சந்தி இலக்கணம் நினைவிருக்குமா என்று வக்கீலைக் கேட்டார். பிறகு கூண்டின் பக்கம் திரும்பினார்.

“பதினோரு எடத்துல திருத்தியிருக்கீங்க. ‘கொன்றேன்’ங்கறத மட்டும் ஏன் விட்டீங்க?”

வாயைத் திறக்க வேண்டாம் என்று பின்வரிசையிலிருந்து மனைவி தலையாட்டினாள். ஆனால் தொழிலைப் பற்றி அவரை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

“அதுல பிழை இல்லீங்கய்யா.”

நீதிபதி தட்டச்சரைப் பார்த்தார். “எழுதிக்கம்மா. வாக்குமூலத்தில் பிழை இல்லை என்று எதிரி தாமே ஒப்புக்கொண்டார்.”

சந்தி பார்க்கப் போன குடும்பம் சந்தி சிரிக்க நின்றது.

தீர்ப்பின் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நீதிமன்றப் பிரதியில் கையெழுத்துக் கேட்டார்கள். கடைசி வரி: ‘தூக்கு தண்டனை விதிக்கப்படுகிறது.’ அவர் கண் எங்கே நின்றது என்று மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

“என்னங்க, வேணாம். இந்த ஒண்ண மட்டும் விட்டுடுங்க.”

மேல்முறையீடு இருக்கிறது, ஒரு கோடுகூடப் போடக் கூடாது என்று வக்கீலும் மன்றாடினார். அதற்குள் ‘த்’ விழுந்துவிட்டது.

மேல்நீதிமன்றம் நான்கே வரியில் முடித்தது. தண்டனைப் பகுதியை எதிரியே செம்மைப்படுத்தியிருப்பதால், அதில் அவருக்கு ஆட்சேபம் இல்லையென்று தெரிகிறது.

அந்த நான்கு வரியில் ஐந்து பிழைகள். இம்முறை அவருக்குப் பேனா தரவில்லை. கைநாட்டு போதும் என்றுவிட்டார்கள்.