கறிக்காரனைப் பார்த்து வாலாட்டிய நாய்

கதைப்படி கறிக்காரன் கொட்டகை வாசலில் வந்து நிற்பான். கிழட்டு நாய், நொண்டி ஆட்டுக்குட்டிக்கு முன்னால் குறுக்கே நின்று பல்லைக் காட்டி உறும வேண்டும். படப்பிடிப்பில் கறிக்காரன் வந்து நின்றார். நாய் ஓடிப்போய் அவர் முழங்காலில் முகத்தைத் தேய்த்து, வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. ஆட்டுக்குட்டி ஒன்றுதான் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அது நடுங்கியது.

“கட்,” என்றார் இயக்குநர். சின்ன வயதுக்காரர். கோபப்படத் தெரியாது, அழுகையைத் தொண்டையோடு நிறுத்திவைக்கத் தெரியும்.

தப்பு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. வில்லனாக நடிப்பவர் நாய்க்குக் கையால் எதையும் கொடுக்கக் கூடாது, தடவக் கூடாது, பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடக் கூடாது. மிருகங்களை வைத்துப் படம் எடுப்பவர்களுக்கு அது அரிச்சுவடி. பயிற்சிக்கார அம்மா முதல் நாளே எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தாள். ஆனால் கறிக்காரனாக நடித்தவர் ஆள்தான் மலை, மனசு வெண்ணெய். ரத்தக்கறை பூசிய அங்கியின் பைக்குள் பிஸ்கட்டை ஒளித்து வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து நாய்க்கு ஊட்டிவிட்டிருக்கிறார்.

“இல்லம்மா, வேஷத்தைப் பார்த்து அது பயந்துடக் கூடாதேன்னுதான்...”

“அது பயப்படணும்னுதானே சார் உங்களுக்கு அந்த வேஷமே!” என்றாள் பயிற்சிக்கார அம்மா. “இனிமே நீங்க கத்தியைக் காட்டினாலும் அது பிஸ்கட்னுதான் நினைக்கும்.”

விளக்குகளுக்குப் பின்னால், சுருட்டி வைத்த கம்பிகளின் மேல் கால் படாமல் ஒரு பெட்டியில் உட்கார்ந்திருந்தாள் நாயின் சொந்தக்காரி. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். ஏழு வயது மகள் சிட்டு அவள் மடியில் சாய்ந்து நின்றாள். எல்லாரும் சிரித்தபோது சிட்டுவின் அம்மா சிரிக்கவில்லை.

அந்த நாய், தடியன், சினிமாவுக்கு வந்ததே அவள் கடையிலிருந்துதான். துணி வாங்க வந்த யாரோ ஒருவர், மேசைக்கடியில் படுத்திருந்த நாயைக் குனிந்து பார்த்தார். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருந்தது. படமாகிற அந்தக் கதைப் புத்தகத்தை அறியாத குழந்தை கிடையாது. அட்டையில் இருக்கும் நாய்க்கும் அதே காதுதான். மறுவாரமே இயக்குநர் வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தடியனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சிறு வயதில் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம், நாய் குறுக்கே நிற்கும் அந்த ஒரு பக்கத்தைத்தான் பிரித்து வைத்துக்கொள்வாராம். அந்தப் பக்கம் திறந்திருந்தால் அறைக்குள் எதுவும் வராது என்று ஒரு நம்பிக்கை. “படம் முழுக்க எதை வேணும்னாலும் கம்ப்யூட்டர்ல செஞ்சுக்கலாம்ங்க. அந்தப் பல்லு மட்டும் நிஜமா இருக்கணும்,” என்றார்.

சிட்டுவின் அம்மாவுக்கு அது புரிந்தது. அவளுக்கும் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. வித்தியாசம் என்னவென்றால் அவளுடையது புத்தகத்தில் இல்லை, நாலு காலில் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது.

சிட்டுவின் அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறவர். போன இடமெல்லாம் நல்ல பெயர். இந்தப் படப்பிடிப்புக் கொட்டகையிலும் வந்த அன்றைக்கே எல்லாருக்கும் ‘அண்ணே’ ஆகிவிட்டார். விளக்குக்காரர்களுக்குக் கை கொடுப்பார், டீத்தட்டை வாங்கித் தானே நீட்டுவார், ஆட்டுக்குட்டிக்கே ஜோக் சொல்வார். வெளியே வெளிச்சம், வீட்டுக்குள் இருட்டு என்கிற ரகம். தடியன் வருவதற்கு முன் அவர் கை ஓங்கினால் இறங்கியே தீரும். சிட்டு தெருவிலிருந்து குட்டியாகத் தூக்கி வந்த நாய் வளர்ந்து, ஒருநாள் அந்தக் கைக்கும் சிட்டுவின் அம்மாவுக்கும் நடுவில் வந்து நின்றது. கடிக்கவில்லை. நின்று, உதட்டை மேலே இழுத்துக் காட்டியது, அவ்வளவுதான். ஓங்கிய கை அன்று தலையைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது. அதற்கப்புறம் எத்தனையோ முறை ஓங்கியிருக்கிறார். ஒருமுறைகூட அவள்மேல் இறங்கியதில்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? அடித்தால் சொல்லலாம். அடிக்காததைப் போய் யாரிடம் சொல்வது?

இயக்குநர் அவளிடம் வந்து குனிந்தார். “தப்பா நினைச்சுக்காதீங்க. தயாரிப்பாளர் கறாரா சொல்லிட்டார். இன்னைக்கு அந்த உறுமல் கிடைக்கலைன்னா, தடியனை ஒரு மாசம் பயிற்சி முகாமுக்கு அனுப்பணும். அது கொஞ்சம் தூரம். கிடைச்சுட்டா இன்னையோட அவன் வேலை முடிஞ்சுது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்.”

“ஒரு மாசமா?” என்றாள். ஒரு மாசம் என்பது நாட்காட்டியில் ஒரு தாள்தான். அந்தத் தாளில் எத்தனை சாயங்காலங்கள் இருக்கின்றன என்பது அவளுக்கல்லவா தெரியும்.

பிறகு ஆளாளுக்கு முயன்றார்கள். கறிக்காரர் கண்ணை உருட்டினார். தடியன் பின்னங்காலால் காதைச் சொறிந்தது. தகரத்தைத் தட்டினார்கள், ஆட்டுக்குட்டி சிறுநீர் கழித்தது. எலும்பைக் கொடுத்துப் பறித்தால் உறுமும் என்றார் ஒருவர். கொடுத்துப் பறித்தார்கள். தடியன் பெருந்தன்மையாக, வைத்துக்கொள் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“இது நாயே இல்லீங்க, ஏதோ துறவி,” என்றார் ஒலிப்பதிவாளர், காதிலிருந்த கருவியைக் கழற்றாமலே.

“எங்க வீட்டுல சாப்பிட்டு வளர்ந்தா அப்படித்தான் சார் ஆகும். உப்பு உறைப்பு இருந்தாத்தானே ரோஷம் வரும்!” என்றார் சிட்டுவின் அப்பா. கொட்டகையே குலுங்கிச் சிரித்தது.

உறுமலை வரவழைக்கும் வழி தெரிந்தவள் அந்த இடத்தில் அவள் ஒருத்திதான். பயிற்சிக்கார அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று எழுந்தாள். சொன்னால் நாய் வீட்டுக்கு வரும், சொன்ன வார்த்தையும் கூடவே வரும். மறுபடி உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்த அந்த நேரத்தில்தான் மடியிலிருந்து சிட்டு நழுவிப் போய்விட்டாள்.

“அங்கிள்,” என்று இயக்குநரின் சட்டையை இழுத்தாள். “தடியன் உறுமுவான். எங்கம்மாவை அடிக்கிற மாதிரி கையைத் தூக்கணும். எங்கப்பா தூக்குவாரே, அந்த மாதிரி. அப்போ ஜோரா உறுமுவான். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்தானே?”

விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. கறிக்காரர் தன் அங்கியின் கறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் சிரித்தது சிட்டுவின் அப்பாதான்.

“அடிப்பாவி! குட்டைப் போட்டு உடைச்சுட்டியே! அது ஒரு விளையாட்டு சார். இவ அம்மாவை அடிக்கிற மாதிரி நான் நடிப்பேன், தடியன் போலீஸ் மாதிரி வருவான். குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்கு ஞாபகமே வரலை பாருங்க.” அவள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். “வாம்மா, காட்டலாம்.”

வீட்டில் அவர் அவளை ‘வாம்மா’ என்று கூப்பிட்டதே இல்லை.

அத்தனை முகங்களிலும் அப்பாடா என்ற நிம்மதி பரவியதை அவள் பார்த்தாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. களைத்துப் போயிருந்தார்கள். விளையாட்டு என்று ஒருவர் சொல்லும்போது இல்லை என்று சொல்ல இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் அவள்தான். அவள் எழுந்து நடந்து போய் வைக்கோல்மேல் மண்டியிட்டாள்.

ஆட்டுக்குட்டியை அவள் மடியில் வைத்தார்கள். தடியனைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கறிக்காரரின் அங்கியைக் கழற்றிச் சிட்டுவின் அப்பாவுக்குப் போட்டுவிட்டார்கள். அளவு பெரிதாக இருந்தது, ஆனாலும் பொருந்தியது. கேமராவுக்கு அவர் முதுகு போதும், நாயின் முகம் போதும், குட்டியின் தலை போதும்.

“அக்கா, கொஞ்சம் குனியுங்க. உங்க தலை உள்ள வருது,” என்றது ஒரு குரல்.

குனிவது அவளுக்குப் புதிதில்லை. குனிந்தாள்.

அவர் சிரித்துக்கொண்டேதான் வந்தார். சிரித்துக்கொண்டேதான் கையைத் தூக்கினார். நாய்க்கு முகத்தைப் படிக்கத் தெரியாது, கையைப் படிக்கத் தெரியும். வைக்கோல் சிதறியது. அவளுக்கு முன்னால் பழுப்பு முதுகு ஒன்று சுவர்போல் எழுந்தது. பிடரி மயிர் ஒவ்வொன்றும் நின்றது. உதடு மேலேறி ஈறு தெரிந்தது. பூமிக்கு அடியில் பாறை உருள்வது போன்ற அந்தச் சத்தம் கொட்டகையை நிரப்பியது. மடியில் ஆட்டுக்குட்டியின் இதயம் அடித்துக்கொண்டது. அதுவா, தன்னுடையதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அருமை... அருமை... அப்படியே இருங்கண்ணே, இன்னும் ஒரு தடவை,” என்று இயக்குநர் குசுகுசுத்தார். அவர் கண்ணில் நீர் தளும்பியது. காய்ச்சல் காலத்துப் பக்கம் கண்ணெதிரே உயிரோடு திறந்து கிடந்தது.

இன்னொரு தடவை தூக்கினார். அதற்கப்புறம் பாதுகாப்புக்கு என்று இன்னொரு தடவை.

“கட்! ஓகே!” கைதட்டல் எழுந்தது. யாரோ விசிலடித்தார்கள். ஒலிப்பதிவாளர் மட்டும் கைதட்டவில்லை. காதுக் கருவியை மெதுவாகக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வைக்கோலில் மண்டியிட்டிருந்தவளைப் பார்த்தார். மூன்று முறையும் அவள் உதடு அசைந்திருந்தது. ‘வேண்டாங்க, குழந்தை பார்க்குது.’ யாருக்கும் கேட்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். குட்டியின் கழுத்துக்குப் பக்கத்திலேயே மைக் இருந்திருக்கிறது.

“சவுண்ட்?” என்றார் இயக்குநர்.

ஒலிப்பதிவாளர் சற்றுத் தயங்கினார். பிறகு தன் கருவியின் பக்கம் குனிந்துகொண்டு, “ஓகேதான். லேசா ஒரு பேச்சு விழுந்திருக்கு. எடுத்துடலாம்,” என்றார்.

சிட்டு துள்ளிக் குதித்து ஓடிவந்து தடியனைக் கட்டிக்கொண்டாள். “வீட்டுக்குப் போலாம்டா தடியா! உன் வேலை முடிஞ்சுபோச்சு!”

“ரொம்ப நன்றிண்ணே,” என்று இயக்குநர் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “தாராளமா கூட்டிட்டுப் போங்க.”

சிட்டுவின் அப்பா அங்கியைக் கழற்றி நிதானமாக மடித்தார். “அதைத்தான் சார் யோசிக்கிறேன். நெருக்கத்துல அந்தப் பல்லைப் பார்த்தேன் பாருங்க, நிஜமாவே ஈரக்குலை நடுங்கிடுச்சு. சோறு போட்டவனுக்கே இப்படின்னா, நாளைக்கு இந்தச் சின்னது மேல பாய்ஞ்சா யாரு பொறுப்பு? நாங்க வேலைக்குப் போயிடுவோம், குழந்தை தனியா இருக்கும்.” பயிற்சிக்கார அம்மாவிடம் திரும்பினார். “நீங்களே வெச்சுக்குங்கக்கா. உங்ககிட்ட இருந்தா தொழிலாவது கத்துக்கும்.”

“அது கடிக்கிற நாய் இல்லண்ணே. கடிக்கணும்னா எப்பவோ கடிச்சிருக்கும்,” என்றாள் பயிற்சிக்கார அம்மா.

“கடிச்சப்புறம் சொல்லி என்னக்கா பண்றது?”

அதில் பிழை கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. பொறுப்பான தகப்பன். கறிக்காரர்கூடத் தலையசைத்தார்.

“அப்பா, நான் சொல்லிக் கொடுத்ததாலதானே அவன் உறுமினான்! நீங்கதானே விளையாட்டுன்னீங்க!” சிட்டுவின் குரல் உடைந்தது.

“என்னங்க,” என்று சிட்டுவின் அம்மா வாயைத் திறந்தாள். எல்லார் முன்னாலும் அவரை எதிர்த்து வாய் திறப்பது அதுதான் முதல் தடவை. “அவன் நம்ம வீட்டுலயே...”

“நீயே சொல்லு,” என்றார் அவர், தேன் தடவிய குரலில். “குழந்தை முக்கியமா, நாய் முக்கியமா?”

முழுக் கொட்டகையும் அவள் பதிலுக்குக் காத்திருந்தது. பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“குழந்தைதான்,” என்றாள்.

தடியனைக் கூண்டு வண்டிக்கு அழைத்துப் போனார்கள். அது மறுக்கவில்லை, பாதிப் படியில் நின்று, யார் ஏறவில்லை என்று எண்ணுவதுபோல் திரும்பிப் பார்த்தது. அவள் அதன் மடங்கிய காதை விரித்துவிட்டாள். அது மறுபடி மடங்கிக்கொண்டது.

கதவைத் தாழிட்டுவிட்டுப் பயிற்சிக்கார அம்மா அவளருகில் வந்தாள். தாழ்ந்த குரலில், வண்டியைப் பார்த்தபடியே பேசினாள். “விளையாட்டுக்கு எந்த நாயும் அப்படி உறுமாது. எனக்குத் தெரியும். நீங்களும் குழந்தையும் முகாமுக்கு வாங்க. நாய்க்குப் பழகின ஆள் வேணும்னு நான் இவங்ககிட்ட சொல்லிக்கறேன். இப்பவே. இந்த வண்டியிலேயே.”

ஒரு கணம் அவளுக்குள் ஏதோ திறந்தது. எங்கோ மலைச்சரிவு, கம்பி வேலி, காலையில் நாய்கள் குரைக்கும் சத்தம், இஸ்திரிப் பெட்டி இல்லாத ஒரு கை. “சிட்டு எங்கே?” என்று திரும்பினாள்.

மைதானத்தின் அந்தக் கோடியில் அவர் சரக்கு வேனின் கதவைத் திறந்து வைத்திருந்தார். ஒரு கையில் சாவி, மறு கையில் சிட்டுவின் மணிக்கட்டு. இருவரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவர் கையசைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி உற்சாகமாகக் கூப்பிட்டார். “வர்றியாம்மா? இல்ல, சினிமாவுலயே தங்கிடப் போறியா?”

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

“குழந்தைக்கு நாளைக்கு ஸ்கூல் இருக்கு,” என்றாள் பயிற்சிக்கார அம்மாவிடம். நடந்தாள். மைதானம் நீளமாக இருந்தது; ஆனாலும் முடிந்துவிட்டது.

வேனில் முன்பக்கம் ஒரே நீள இருக்கை. ஜன்னலோரத்துக்காக ஒவ்வொரு பயணத்திலும் ஆர்ப்பாட்டம் செய்கிற சிட்டு, இன்று எதுவும் பேசாமல் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அழுது வீங்கிய முகத்தோடு, முதுகை நிமிர்த்தி, நேராகப் பார்த்துக்கொண்டு.

“என்னடி, ஜன்னலோரம் வேணாமா?” என்றார் அப்பா, சாவியைத் திருகிக்கொண்டே.

“வேணாம்.”

“தள்ளிக்கோ சிட்டு. அம்மா நடுவுல உட்கார்றேன்,” என்றாள் அம்மா.

சிட்டு நகரவில்லை. வண்டி கிளம்பியது.